சாமி இறங்கிய சிறுநீரகம்

என் வீட்டுக்காரருக்கு முதன்முதலாகச் சாமி வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. அதற்கு முன் எத்தனையோ வருடம் காவடி எடுத்திருக்கிறார். முதுகு நிறையக் கொக்கி குத்தி, கன்னத்தில் அலகு போட்டு, கோலாலம்பூர் பத்துமலை முருகன் கோயில் படிகளை ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு தடவைகூடச் சாமி வந்ததில்லை. பக்கத்தில் நிற்கிறவன் ஆடுவான், நாக்கைத் துருத்துவான், கண்ணை மேலே செருகுவான். இவர் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றுகொண்டு, "அந்தக் கடைசிக் கொக்கி கொஞ்சம் இறுக்கமா இருக்கு பாஸ்" என்பார். குத்துகிறவருக்கே ஒரு மாதிரி ஆகிவிடும்.

இதில் அவருடைய தம்பி வேறு. என் கொழுந்தனார் கிள்ளானில் ஓர் உறுமி மேளக் குழு நடத்துகிறார். அவருக்குச் சாமி வர மேளம்கூட வேண்டாம், யாராவது சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட்டால் போதும். ஒரு கல்யாண வீட்டில் பந்தி நடுவே சாமி வந்து, மாப்பிள்ளை வீட்டாரை நன்றாகத் திட்டிவிட்டு மலையேறியது. தம்பிக்கு இப்படி வாரிக் கொடுக்கிற சாமி தன்னை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லையே என்ற குறை என் வீட்டுக்காரரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வாய்விட்டுச் சொல்லமாட்டார். காவடி இறக்கி வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, முதுகைக் கண்ணாடிக்குத் திருப்பி, "ஒரு தழும்பு இல்ல, பாத்தியா" என்பார். பார்த்தேன் என்று நானும் சொல்லிவைப்பேன்.

அவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். துறைமுக வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். இறங்கிப் போனால் பின்னால் இருக்கிறவன் முந்திக்கொள்வான். அதனால் அந்த வேலையில் இருக்கிறவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நான் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் அப்படியே வீடு திரும்பும். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், ஒண்ணுக்குப் போனா லைன் போயிடும். ஆபீஸ்ல உக்காந்திருக்க உனக்கு எங்க புரியப்போகுது லா" என்பார். நானும் அதே துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அலுவலகம் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகத்தான் இருக்கிறேன். எங்களுக்குக் கழிப்பறை இருக்கிறது, நான் தண்ணீர் குடிக்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒருநாள் இடது விலாவில் வலி என்று கிளினிக்குக்குப் போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சிறுநீரகத்தில் கல் என்றார்கள். இனிப்பு நீர், சர்க்கரை நோய் வேறு இருக்கிறது, அலட்சியம் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கொழுந்தனார் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் ஒரே சிரிப்பு.

"வாழத்தண்டு இருக்கையில ஆஸ்பத்திரி எதுக்கு அண்ணி? கல்லு கரைஞ்சு தண்ணியா ஓடிரும்."

மறுநாளே தன்னுடைய வேனில் வாழை மரத்தையே வெட்டிப் போட்டுக் கொண்டுவந்தார். வாசலில் அது கிடந்த கோலத்தைப் பார்த்து, நாங்கள் யானை வாங்கிவிட்டோம் என்று எதிர்வீட்டுச் சீன ஆன்டி நினைத்திருப்பார். தண்டை உரிப்பது நான், நாரெடுப்பது நான், அரைத்து வடிகட்டுவது நான். குடித்துவிட்டு, "ஆஹா, உள்ள கரையுது" என்பது அவர். வயிற்றுக்குள் இவருக்கு மட்டும் கண் இருக்கிறதோ என்னவோ!

தை மாதம் நெருங்கியது. விரதம் தொடங்கியது. ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. ஏற்கெனவே தண்ணீர் குடிக்காத மனிதர் இப்போது பக்தியோடு குடிக்காமல் இருந்தார். அண்ணனும் தம்பியும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கொக்கிகள், மயிலிறகு, மஞ்சள் வேட்டி என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். கொழுந்தனார் அந்த வருடம் ஒரு பெரிய தேர்க் காவடிக்கு ஏற்பாடு செய்திருந்தார். மயில் கழுத்து ஆடும், விளக்கு எரியும், அந்தக் காவடி பாட்டுப் பாடாததுதான் குறை. இவருக்கு மறுபடியும் இடது விலாவில் வலி வந்தது. இந்தத் தடவை முதுகுவரை இழுத்தது. நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே, "விரதம்னா உடம்பு அப்படித்தான் படுத்தும்" என்று வாயை அடைத்தார்கள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் தாமானில், வீடமைப்புப் பகுதியில், இருக்கிற சின்னக் கோயிலின் பக்கத்துத் திடலில் கொழுந்தனாரின் குழு ஒத்திகை பார்த்தது. சாம்பிராணிப் புகை, உறுமிச் சத்தம், அக்கம்பக்கத்துக் கூட்டம். என் வீட்டுக்காரர் மஞ்சள் வேட்டியில் கைகூப்பி நின்றார். மேளம் வேகமெடுத்ததும் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு கை. பிறகு உடம்பு மொத்தமும். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"அண்ணனுக்கு வந்துருச்சு! வேல் வேல்!" என்று கொழுந்தனார் அலறினார். பெண்கள் குலவையிட்டார்கள். சரசரவென்று வரிசை பிடித்து எல்லாரும் அவர் காலில் விழ ஆரம்பித்தார்கள். கொழுந்தனாரே விழுந்தார், அதுவும் நெடுஞ்சாண்கிடையாக. முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், எங்கள் தெருக்கோடியில் டயர் கடை வைத்திருப்பவர், காலில் விழக்கூட இல்லை. நேரே காதுக்குப் போய், "சாமி, நாலு நம்பர் சொல்லுங்க சாமி" என்றார். எங்கள் ஊரில் சாமி வந்தால் லாட்டரி நம்பர் சொல்லாமல் மலையேற முடியாது. இவர் ஏதோ முனகினார். அது அவருடைய லோரி நம்பர் என்பது எனக்குக் கேட்டது. டயர் கடைக்காரர் அதைக் கைப்பேசியில் பத்திரமாகக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

"குளிருது" என்றார் என் வீட்டுக்காரர். நன்றாகக் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? சாமி உக்கிரமாக வந்திருக்கிறது என்று சொல்லி மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவர் தலையில் ஊற்றினார்கள். குளிருது என்கிற மனிதனின் தலையில்! அவர் இன்னும் அதிகமாக நடுங்கினார். அவர் நடுங்க நடுங்க இவர்கள் ஊற்றினார்கள்.

பெண்சாதி விபூதி பூச வேண்டும் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். நெற்றியில் கைவைத்தேன். இவ்வளவு தண்ணீருக்கு அடியிலும் நெற்றி தோசைக்கல்லாகச் சுட்டது. அந்த நேரம் அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். மேலே செருகிய கண் இல்லை, என்னை அடையாளம் தெரிந்து, நேராகப் பார்த்த கண். பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"மேளத்த நிறுத்துங்க! இது காய்ச்சல்!" என்று கத்தினேன்.

"அண்ணி, அபச்சாரமா பேசாதீங்க. சாமி நிக்குது."

"எந்தச் சாமிப்பா குளிருதுன்னு பல்லக் கடிக்கும்? முருகன் குளிர்ற மலைமேலயே குடியிருக்கிறவரு! தூக்கிக் கார்ல போடு!"

போடவில்லை. கற்பூரம் காட்டிச் சாமியை முறைப்படி மலையேற்றிய பிறகுதான் தொட விடுவேன் என்றார் கொழுந்தனார். காட்டு, சீக்கிரம் காட்டு என்றேன். சாமி மலையேறியும் நடுக்கம் நிற்காததைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேர் வந்து தாங்கினார்கள். காரை நானே ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அவர் ஒரு மூட்டையாகச் சாய்ந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வேறொரு கூத்து. அங்கிருந்த மலாய் மிஸ்ஸி, நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம், இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மஞ்சள் காமாலை என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டார். தலை, முகம், நெஞ்சு, வேட்டி எல்லாம் மஞ்சள். மஞ்சள்கிழங்கை மலாயில் குனிட் என்பார்கள். "குனிட், மிஸ்ஸி, குனிட்! நோயில்ல, சமையல் மஞ்சள்!" என்று நான் மலாயும் தமிழுமாகக் கத்த, அவர் ஈரத்துணியால் இவருடைய கன்னத்தைத் துடைத்து, துணியைப் பார்த்து, என்னைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேனோ!

இரவே ஸ்கேன் எடுத்து, ஊசிமருந்து ஏற்றினார்கள். காலையில் ஓர் இளம் டாக்டர் வந்தார், நம்ம தமிழ்ப் பெண். கட்டில் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொன்னார்.

"அங்கிள், லெப்ட் சைட் கிட்னில இருந்து கீழ போற குழாய்ல கல்லு சங்குட் ஆகி மாட்டிக்கிச்சு. யூரின் இறங்க வழியில்ல. கிட்னி வீங்கி, உள்ள சீழ் கட்டியிருச்சு. மருந்து மட்டும் ஏத்தினா பத்தாது, அந்தச் சீழ வெளிய எடுக்கணும். முதுகு வழியா, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி போட்டு, சின்ன டியூப் ஒண்ணு வச்சு வடிச்சிடுவாங்க. மரத்துப்போற ஊசி போட்டுத்தான் செய்வாங்க. இன்னைக்கே செய்யணும்."

"டியூப் உள்ளயே நிக்குமா?" என்று இவர் கேட்டார். விரலைக்கூடத் தூக்க முடியாத நிலை, கேள்விக்குக் குறைச்சல் இல்லை.

"நிக்கும் அங்கிள். நுனி பன்னி வால் மாதிரி சுருண்டு பிடிச்சுக்கும். பிக்டெயில்னு சொல்வோம்."

"பன்னி வாலா? நான் விரதத்துல இருக்கேன்!"

டாக்டர் சிரிக்காமல், அது பிளாஸ்டிக் என்று விளக்கினார். எவ்வளவு நாள் என்று கேட்டார் இவர். தொற்று அடங்கி, கல்லை எடுக்கிறவரைக்கும், சில வாரம் ஆகலாம் என்றார் அவர். வடிகிறது எங்கே போகும் என்று கேட்டார். ஒரு பையில் சேரும், பையை இடுப்பிலோ காலிலோ கட்டிக்கொள்ளலாம் என்றார். இவர் முகம் சுருங்கிப்போனது.

"மூத்திரப் பையக் கட்டிக்கிட்டு முருகன்கிட்ட எப்படிம்மா போறது? தைப்பூசம் முடியட்டும். அடுத்த நாளே வந்து படுத்துக்கறேன்."

"அங்கிள், கிருமி ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருச்சு. பிரஷர் இறங்கிக்கிட்டே போகுது. அதுவரைக்கும் நீங்க…" என்று நிறுத்தி, என்னைப் பார்த்தார். முடிக்காத அந்த வாக்கியம் எனக்கு நன்றாகவே விளங்கியது. இந்த மனிதர் செத்துப்போய்விடுவார் என்று முதன்முதலாக எனக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது.

டாக்டர் மதியத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். சம்மதம் அவர் வாயால்தான் வரவேண்டும், கையெழுத்து அவர்தான் போடவேண்டும். நான் கெஞ்சினேன். திட்டினேன். முதுகில் இத்தனை கொக்கி குத்திக்கொண்ட மனிதருக்கு ஓர் ஊசி குத்தினால் என்ன என்று கேட்டேன். "அது சாமி காரியம், இது வேற" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குள் வந்துவிட்ட கொழுந்தனார் கட்டில் அருகில் நின்று அவருக்கு விபூதி பூசிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்க்.

"என்னது அது?"

"வாழத்தண்டு ஜூஸ், அண்ணி. இன்னும் ரெண்டு நாள் குடிச்சா இறங்கிரும். அண்ணனுக்கு இப்பத்தான் அருள் இறங்கியிருக்கு. இந்த நேரத்துல முதுகுல ஓட்டை போட்டு அசுத்தப்படுத்தினா சாமி கோச்சுக்கும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. வார்டு என்றுகூடப் பார்க்காமல் கத்தியிருப்பேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. குரலைத் தணித்துக்கொண்டு, கொழுந்தனாரிடம் பேசினேன்.

"சரிப்பா, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. இவருக்கு இந்த வாரத்துக்குள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா தீட்டு. பங்காளிங்க ஒருத்தரும் ஒரு வருஷத்துக்குக் கோயில் வாசப்படி மிதிக்க முடியாது. உங்க தேர்க் காவடிய என்ன செய்யப்போறீங்க? ஹால்ல நிறுத்தித் துணி காயப் போடலாம். நல்லா உயரமா இருக்கு."

கொழுந்தனாரின் கை விபூதிப் பையிலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தில் மயில், விளக்கு, தேர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அணைவதைப் பார்த்தேன். அண்ணன் சாகக்கூடும் என்று தெரிந்தும் அசையாத மனிதர், காவடி நின்றுவிடும் என்றதும் ஆடிப்போனார்.

"அண்ணே, சைன் பண்ணுங்கண்ணே" என்றார். "டாக்டருக்குத் தெரியாதா? சயின்ஸ் லா இது. சாமியே டாக்டர் ரூபத்துலதான் வந்திருக்கு."

உயிரோடு இருந்தால் தான் மட்டும் காவடி எடுக்க முடியாது, செத்தால் தம்பியும் எடுக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பிறகு கையை நீட்டினார். பேனாவை அவர் விரலில் செருகியது கொழுந்தனார்தான். நான் போய் டாக்டரைக் கூட்டிவந்தேன்.

கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டாக்டர் ஒரு சீனர், ஒல்லியானவர், கழுத்தில் ஈயக் கவசம் மாட்டியிருந்தார். இவரைக் குப்புறப் படுக்கவைக்கப்போவதாகவும், ஸ்கேன் திரையில் வீங்கிய இடத்தைப் பார்த்து நீள ஊசியை விடுவதாகவும், அதன் வழியே கம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு டியூப் போகும் என்றும், எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பதாகவும் ஆங்கிலமும் மலாயுமாகச் சொன்னார். கதவைச் சாத்தினார்கள். நானும் கொழுந்தனாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "முருகாஆஆ!" என்று ஓர் அலறல். கன்னத்தில் வேல் போடும்போதுகூட இப்படிக் கத்தாதவர். கொழுந்தனார் எழுந்து நின்று கைகூப்பிவிட்டார். டியூப் எங்கே இடம் மாறிக் குத்தியதோ என்று நானும் எழுந்துவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு வந்த மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்து, "ரிலேக்ஸ் ஆன்டி, அது மரத்துப்போற ஊசிதான், இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல" என்றார். அதற்குப் பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பக்கத்தில் கொழுந்தனார் கந்தனைக் கூப்பிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த முணுமுணுப்பில் அண்ணன் எவ்வளவு, காவடி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. என் பங்குக்கு நானும் முணுமுணுத்தேன்.

முடிந்ததும் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் இடுப்பெலும்பு, விலா எலும்பு, நடுவே மெல்லிய டியூப் ஒன்று நுனி சுருண்டு படுத்திருந்தது. இவர் குப்புறக் கிடந்தார். முதுகிலிருந்து வந்த டியூப் ஒரு பைக்குள் இறங்கியது. பையில் இருந்ததைச் சிறுநீர் என்று சொல்ல மனம் வரவில்லை. ரத்தம் கலந்து, கெட்டுப்போன மோர் மாதிரி இருந்தது. இதையா உள்ளே வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஊரையே காலில் விழவைத்தார்! எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. டாக்டர் முன்னால் அழவில்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது, அதற்கடுத்த நாள் கஞ்சி கேட்டார். பார்வையாளர் நேரத்தில் டயர் கடைக்காரர் ஆப்பிளோடு வந்தார். நலம் விசாரித்தார், பையை எட்டிப் பார்த்தார், குனிந்து காதோரம் போனார்.

"அண்ணே, அன்னைக்குச் சொன்ன நம்பர்ல கடைசி ரெண்டும் மாத்தி விழுந்துருச்சு. நீங்க சரியாத்தான் சொன்னீங்களா? இப்ப ஒருதடவ சொல்லிப் பாருங்க."

அவரை வார்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டது நான்தான். ஆப்பிளையும் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

தைப்பூசத்தன்று வீட்டில் இருந்தோம். தொலைக்காட்சியில் பத்துமலைக் கூட்டத்தைக் காட்டினார்கள். கொழுந்தனார் மயிலும் விளக்குமாகப் படியேறியிருப்பார். இவர் சோபாவில் இடது பக்கம் அழுத்தாமல் சாய்ந்திருந்தார். பையை நான் ஒரு ஜாடியில் வடித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெளிவாக, வெளிறிய தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"இந்தா… ஒண்ணு சொல்லணும்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்கு வந்தது சாமி இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்."

ஜாடியைக் கீழே வைத்தேன்.

"காலையிலயே காய்ச்சல் இருந்துச்சு. நடுங்கினப்ப அது காய்ச்சல் நடுக்கம்னு நல்லாத் தெரிஞ்சுது."

"பின்ன ஏங்க வாயத் தொறக்கல?"

"தம்பி கால்ல விழுந்தான்." டிவி சத்தத்தைக் குறைத்தார். "எல்லாரும் விழுந்தாங்க. இத்தன வருஷத்துல… சரி, கொஞ்ச நேரம் இருந்துட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். அப்பறம் குளிருதுன்னு சொன்னேன். தண்ணிய ஊத்திட்டாங்க. அதுக்கு மேல வாய் வரல."

அப்போதுதான் திடலில் என்னைப் பார்த்த அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. காய்ச்சல் என்று தெரிந்துகொண்டே, காட்டிக்கொடுத்துவிடாதே என்று கேட்ட பார்வை. எனக்கு வந்த கோபத்தில் ஜாடியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். மஞ்சள் தண்ணீருக்குக் குனிந்த தலைதானே!

"செத்துப்போயிருப்பீங்க! தெரியுமா? கிருமி ரத்தத்துல ஏறி அங்கேயே செத்திருப்பீங்க! நாலு பேர் கால்ல விழறதுக்காக என்னத் தனியா விட்டுட்டுப் போக இருந்தீங்க!"

"போகலயே" என்றார், குற்றவாளி மாதிரி. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பையை மாட்டிவிட்டேன்.

பிறகு கல்லை லேசர் வைத்து உடைத்தார்கள், டியூபையும் எடுத்தார்கள். முதுகில் ஒரு சின்னத் தழும்பு மிஞ்சியது. கொக்கியெல்லாம் குத்தியும் விழாத தழும்பு. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த இளம் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஆன்டி, நடுக்கம் வந்தா, காய்ச்சல் வந்தா, உடனே வந்துருங்க. தள்ளிப்போடாதீங்க." கொரோனா காலத்தில் வாங்கிய, துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அன்றிலிருந்து அது என் கைப்பையில் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் அவருக்கு மயிர் சிலிர்த்தால்கூட எடுத்து நீட்டிவிடுவேன். "சுட்டுராத தாயே" என்று கையைத் தூக்குவார். அவருக்கு வேடிக்கை. எண்ணைப் பார்த்த பிறகுதான் நான் கைப்பையை மூடுவேன்.

விட்டுப்போன நேர்த்திக்குச் சித்திரா பௌர்ணமியன்று எங்கள் தாமான் கோயிலிலேயே பால்குடம் எடுத்தார். கொக்கி இல்லை, அலகு இல்லை. விரதத்தின்போது தண்ணீர் குடிக்கிறாரா என்று பாட்டிலை நான் பார்த்துக்கொண்டேன். கொழுந்தனாரின் குழுதான் அடித்தது. அவரும் இந்தத் தடவை கொஞ்சம் அடக்கமாகவே இருந்தார். சந்நிதிக்கு முன்னால் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இவர் நின்றார், வழக்கம்போல, பஸ்ஸுக்கு நிற்கிறவராக.

திடீரென்று குடம் ஆடியது. பால் தெறித்தது. தோள் குலுங்கியது, பிறகு கை, பிறகு உடம்பு மொத்தமும்.

என் உயிர் என் கையில் இல்லை. அந்த மோர் நிறத்துப் பை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கொழுந்தனார் கையை நீட்டி மறித்தார்.

"அண்ணி, தள்ளுங்க, சாமி வந்திருக்கு!"

"வந்தா கொஞ்சம் நிக்கட்டும்!"

தெர்மாமீட்டரை எடுத்து அவர் நெற்றிக்கு நேரே நீட்டி அழுத்தினேன். பீப் என்றது. முப்பத்தாறு புள்ளி எட்டு. நம்பவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைத்தேன். அதே முப்பத்தாறு புள்ளி எட்டு. கையால் நெற்றியைத் தொட்டேன். குளுமையாக இருந்தது. பல் அடித்துக்கொள்ளவில்லை. கண் திறந்திருந்தது, கண்ணீர் வழிந்தது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இவ்வளவு கிட்ட நிற்கிறேன், என்னை அடையாளமே தெரியவில்லை.

"காய்ச்சல் இல்லைங்க" என்று அவர் காதில் சொன்னேன். கேட்டிருக்காது. உயிரோடு இருக்கிறார். நல்ல உடம்போடு நடுங்குகிறார். இத்தனை வருடமாக வழி தெரியாமல் சுற்றிய சாமி இப்போதுதான் வீட்டைக் கண்டுபிடித்ததா, அல்லது பிழைத்துக்கிடந்த மனிதர் அழத்தான் ஆடினாரா, எனக்குத் தெரியாது. மறித்து நின்ற கொழுந்தனார் மேளத்தை மறந்து கிட்ட வந்து, "எவ்வளவு அண்ணி, எவ்வளவு?" என்று பதறினார். அவர் கண்ணிலும் தண்ணீர், அதில் காவடி எதுவும் இல்லை.

"முப்பத்தாறு புள்ளி எட்டு!" என்று அழுதுகொண்டே சத்தமாகச் சொன்னேன்.

தோளை யாரோ தட்டினார்கள். டயர் கடைக்காரர், கையில் கைப்பேசி.

"அக்கா, மூணு, ஆறு, எட்டு. நாலாவது என்ன?"

தெர்மாமீட்டரைத் திருப்பி அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். அவருக்கும் காய்ச்சல் இல்லை.